செவிலியர் உரிமத் தேர்வுக்கான படிப்பு முறைகள்

செவிலியர் உரிமத் தேர்வுக்கான படிப்பு முறைகள் என்பன, செவிலியராகப் பணிபுரிய உரிமம் பெறுவதற்கான தேர்வுக்கு ஆயத்தமாகும் ஒருவர், கற்ற பாடங்களைத் தேர்வு நாள் வரையிலும் அதன் பின்னர் பணியிலும் நினைவில் நிறுத்திக்கொள்ளக் கையாளும் வழிகள் ஆகும். நினைவு மீட்டல், இடைவெளி விட்டு மீட்டல், கலந்து படித்தல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. திரும்பத் திரும்ப வாசிப்பதைக் காட்டிலும், நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதே நீடித்த நினைவைத் தரும் என்பது இவை அனைத்துக்கும் பொதுவான அடிப்படையாகும்.

தேர்வுகளின் பின்னணி

இந்தியாவில் செவிலியர் உரிமத்துக்கெனத் தனியான தேசியத் தேர்வு இல்லை. பல்கலைக்கழகத் தேர்விலோ பட்டயத் தேர்விலோ வெற்றி பெற்றவர், மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்துகொள்கிறார். தமிழ்நாட்டில் இப்பதிவு 1926 ஆம் ஆண்டின் செவிலியர், மகப்பேற்றுத் தாதியர் சட்டத்தின் கீழ்த் தொடங்கியது. இந்தியச் செவிலிய மன்றச் சட்டம் 1947 இல் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க வழி செய்யும் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது.

எனினும், வெளிநாடுகளில் பணியாற்ற விரும்பும் செவிலியர்கள் அந்தந்த நாட்டின் தேர்வை எழுத வேண்டும். ஐக்கிய இராச்சியம் கணினித் தேர்வு ஒன்றையும் செய்முறைத் தேர்வு ஒன்றையும் நடத்துகிறது. வளைகுடா நாடுகளும் கணினி வழித் தேர்வுகளை நடத்துகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் என்கிளெக்ஸ் எனப்படும் தேர்வு கட்டாயமாகும். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் 2015 முதல் இதனை ஏற்றுள்ளன. சென்னை உள்ளிட்ட சில இந்திய நகரங்களில் இத்தேர்வை எழுத முடியும்.

என்கிளெக்ஸ் 1994 முதல் கணினி வழியாக நடைபெறுகிறது. ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப அடுத்த வினாவின் கடினம் மாறும். விடையளித்த வினாவுக்குத் திரும்பிச் செல்ல இயலாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள வடிவத்தில் குறைந்தது 85 வினாக்களும் அதிகபட்சம் 150 வினாக்களும் கேட்கப்படுகின்றன. இதற்கான நேரம் 5 மணி. தோல்வியுற்றவர் மீண்டும் எழுதக் குறைந்தது 45 நாட்கள் காத்திருப்பதுடன் கட்டணத்தையும் மீண்டும் செலுத்த வேண்டும். கடன் பெற்றுப் படித்த குடும்பங்களுக்கு இது பெரும் சுமையாகும். ஆகவே, படிப்பதற்குக் கிடைக்கும் குறைந்த நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் வினா முக்கியத்துவம் பெறுகிறது.

மறதி வளைகோடு

நினைவைச் சோதனை முறையில் முதன்முதலாக ஆராய்ந்தவர் செருமானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் ஆவார். பொருளற்ற அசைகளின் வரிசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, சிறிது காலம் கழித்து அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு நேரம் குறைவாகத் தேவைப்படுகிறது என அளந்தார். தம் முடிவுகளை 1885 இல் நூலாக வெளியிட்டார். முதலில் கற்ற முயற்சியில் 20 நிமிடங்களுக்குப் பின் சுமார் 58 விழுக்காடும், ஒரு மணி நேரத்துக்குப் பின் 44 விழுக்காடும், ஒரு நாளுக்குப் பின் 34 விழுக்காடும், 31 நாட்களுக்குப் பின் 21 விழுக்காடும் மிச்சமாயின. இதனை வரைபடமாக வரைந்தால் கிடைப்பது மறதி வளைகோடு எனப்படுகிறது.

மறதி முதல் நாளிலேயே மிக விரைவாக நிகழ்கிறது. அதன் பின்னர் மெதுவாகிறது. பொருளுள்ள பாடங்கள் இவ்வளவு விரைவாக மறப்பதில்லை. ஆயினும் வளைகோட்டின் பொது வடிவம் அவற்றுக்கும் பொருந்தும்.

தமிழ்க் கல்வி மரபில்

கற்றதை நினைவிலிருந்து பிறர் முன் சொல்லிக் காட்டுவது தமிழில் ஒப்பித்தல் எனப்படுகிறது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி முதலியவற்றை மாணவர் நாள்தோறும் ஒப்பித்தனர். மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இளையோரிடம் பாடம் கேட்பது வழக்கம். 13 ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நன்னூலில் பவணந்தி முனிவர், பாடம் கேட்கும் முறையைக் கூறும்போது, கேட்டதை மீண்டும் நினைத்தல், உடன் பயில்வோருடன் பழகுதல், வினவுதல், வினவியவற்றுக்கு விடை கூறுதல் ஆகியவற்றைக் கற்றலின் பகுதிகளாகவே வைக்கிறார். ஒரே பாடத்தை இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்பதன் பயனையும் குறிப்பிடுகிறார்.

பிற்காலத்தில் மனப்பாடம் என்பது பொருள் அறியாமல் உருப்போடுவதையே குறிக்கலாயிற்று. இதனால் ஒப்பித்தலும் சேர்த்தே குறை கூறப்பட்டது. உண்மையில் இவை இரண்டும் வேறானவை. பொருள் அறிந்தபின் நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதையே இன்றைய உளவியலாளர்கள் பரிந்துரைக்கின்றனர்.

முதன்மையான முறைகள்

நினைவு மீட்டல்

நூலை மூடிவிட்டு, அதில் கண்டதைத் தானே எழுதியோ சொல்லியோ பார்ப்பது நினைவு மீட்டல் ஆகும். அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகர், கார்பிக்கி ஆகியோர் 2006 இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு குழுவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு வேளைகளிலும் வாசித்தனர். மற்றொரு குழுவினர் ஒரு வேளை மட்டும் வாசித்து, எஞ்சிய மூன்று வேளைகளிலும் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்களுக்குப் பின் வைத்த தேர்வில் வாசித்தவர்கள் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவு கூர்ந்தனர். ஒரு வாரத்துக்குப் பின் நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களுக்கு 40 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடும் நினைவிருந்தன.

தமக்கு நன்கு நினைவிருக்கும் என மிகுதியாக நம்பியவர்கள் நான்கு முறை வாசித்தவர்களே என்பது கருதத்தக்கது. திரும்ப வாசிக்கும்போது பக்கம் பழகிப்போகிறது. அப்பழக்கத்தை மாணவர் அறிவு எனக் கருதிவிடுகிறார்.

இடைவெளி விட்டு மீட்டல்

ஒரே பாடத்தை ஒரே நாளில் ஆறு முறை படிப்பதைவிட, அதே நேரத்தைப் பல நாட்களில் பகிர்ந்து படிப்பது நீடித்த பயன் தரும். இடைவெளி எவ்வளவு என்பது தேர்வு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைப் பொறுத்தது. செப்பேடாவும் அவருடைய குழுவினரும் 2008 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வாரம் கழித்து வரும் தேர்வுக்கு அக்காலத்தில் 20 முதல் 40 விழுக்காடு அளவான இடைவெளியும், ஓராண்டு கழித்து வரும் தேர்வுக்கு 5 முதல் 10 விழுக்காடு அளவான இடைவெளியும் ஏற்றவை.

இதனைச் செயல்படுத்த எளிய கருவி ஒன்றைச் செபாஸ்டியன் லைட்னர் 1972 இல் விவரித்தார். அட்டையின் ஒரு பக்கத்தில் வினாவும் மறுபக்கத்தில் விடையும் எழுதப்படும். பெட்டி பல அறைகளாகப் பிரிக்கப்படும். சரியாக விடை கூறிய அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். தவறிய அட்டை முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறை நாள்தோறும் பார்க்கப்படும். பிந்திய அறைகள் அரிதாகவே பார்க்கப்படும். இதனால் தெரியாதவற்றுக்கே மிகுதியான நேரம் கிடைக்கிறது.

போலந்து நாட்டவரான பியோட்டர் வோஸ்னியாக் 1987 இல் இம்முறையைக் கணினி நிரலாக்கினார். அதன் கணக்கு முறையில் முதல் இடைவெளி 1 நாள், இரண்டாவது 6 நாட்கள்; அதன் பின் ஒவ்வோர் இடைவெளியும் முந்தியதை ஓர் எண்ணால் பெருக்கிப் பெறப்படும். அவ்வெண் 2.5 எனில் இடைவெளிகள் 1, 6, 15, 38 நாட்கள் என வளரும். 2006 இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட ஆங்கி என்னும் கட்டற்ற மென்பொருள் இக்கணக்கு முறையின் அடிப்படையில் அமைந்தது. இதில் அட்டைகளைத் தமிழிலும் எழுதலாம்.

கலந்து படித்தல்

ஒரு தலைப்பை முழுதும் முடித்தபின் அடுத்ததற்குச் செல்லாமல், பல தலைப்புகளின் வினாக்களைக் கலந்து செய்வது கலந்து படித்தல் ஆகும். ரோரர், டெய்லர் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட சோதனையில், நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் காண மாணவர்கள் பயின்றனர். பயிற்சியின்போது வகை வகையாகச் செய்தவர்கள் 89 விழுக்காடும், கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடும் சரியாகச் செய்தனர். ஒரு வாரத்துக்குப் பின் இவை முறையே 20, 63 விழுக்காடுகள் ஆயின.

செவிலியத்துக்கு இம்முறை மிகவும் பொருந்தும். இதய நோய்ப் பாடத்தின் இறுதியில் வரும் வினா இதயத்தைப் பற்றியது என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. மூச்சுத்திணறலுடன் வரும் நோயாளியோ காரணத்தைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

காரணம் கேட்டல்

ஒவ்வோர் உண்மைக்கும் ஏன் எனக் கேட்டு விடை கூறுவது, தனித்தனிச் செய்திகளைச் சங்கிலியாக இணைக்கிறது. ஃபியூரோசமைடு என்னும் மருந்து சிறுநீரைப் பெருக்கும்போது பொட்டாசியமும் வெளியேறுகிறது. குருதியில் பொட்டாசியம் குறைந்தால் (வழக்கமான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிச் சமானம்) டிகாக்சின் மருந்தின் நச்சுத்தன்மை கூடுகிறது. ஆகவே, இவ்விரு மருந்துகளையும் பெறும் நோயாளி குமட்டலும் பார்வையில் மஞ்சள் வளையமும் இருப்பதாகக் கூறினால், அடுத்த வேளை டிகாக்சினைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, நாடித்துடிப்பையும் பொட்டாசியத்தையும் பார்த்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். இச்சங்கிலியை அறிந்தவருக்கு நான்கு செய்திகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் தேவை இல்லை.

தமிழ் வழியில் பள்ளிக் கல்வி முடித்து, ஆங்கிலத்தில் செவிலியம் பயிலும் மாணவர் பலர் தமிழ்நாட்டில் உள்ளனர். ஆங்கிலத் தொடரை அப்படியே உருப்போடாமல், முதலில் தமிழில் ஒருவருக்கு விளக்கிச் சொல்லிப் பார்ப்பது, பொருள் விளங்கியுள்ளதா எனக் கண்டறிய நல்ல சோதனையாகும்.

அட்டை எழுதும் முறை

ஓர் அட்டையில் ஒரு வினா மட்டுமே இருத்தல் வேண்டும். "டிகாக்சின் பற்றி எழுதுக" என்பது நல்ல அட்டை அன்று. பின்வருவன ஏற்றவை:

வினா: பெரியவருக்கு டிகாக்சின் கொடுக்கும் முன் எதனை, எவ்வளவு நேரம் எண்ண வேண்டும்? விடை: இதய முனைத் துடிப்பு, ஒரு முழு நிமிடம், 60க்குக் குறைந்தால் மருந்தை நிறுத்திவைத்துத் தெரிவிக்க வேண்டும்.

வினா: ஹெப்பாரின் மிகையானால் மாற்று மருந்து எது? விடை: புரோட்டமின் சல்பேட்டு.

வினா: 1000 மி.லி. நீர்மத்தை 8 மணி நேரத்தில் செலுத்த வேண்டும். 1 மி.லி.க்கு 15 துளிகள் எனில் நிமிடத்துக்கு எத்தனை துளிகள்? விடை: 1000 × 15 ÷ 480; ஏறத்தாழ 31.

மூன்றாம் வகை அட்டையில் எண்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். இல்லையெனில் கணக்குக்குப் பதிலாக விடையே மனப்பாடம் ஆகிவிடும்.

ஆறு வாரத் திட்டம்: ஓர் எடுத்துக்காட்டு

செங்கல்பட்டு மாவட்டத்தில் சிறுசேரி தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கு அருகிலுள்ள கேளம்பாக்கத்தில் மருத்துவமனையும் செவிலியர் கல்லூரியும் உள்ளன. இப்பகுதியில் பணியாற்றிக்கொண்டே தேர்வுக்குப் படிக்கும் ஒரு செவிலியருக்கு 600 அட்டைகளும் 42 நாட்களும் உள்ளன எனக் கொள்வோம். முதல் 28 நாட்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 புதிய அட்டைகளைக் கற்கலாம். இடைவெளிகள் 1, 6, 15 நாட்கள் எனில், 28 ஆம் நாளில் 21 புதிய அட்டைகளுடன் 27, 21, 6 ஆம் நாட்களில் கற்ற அட்டைகளும் வரும், மொத்தம் 84. அட்டைக்கு 20 விநாடி எனில் இதற்குத் தேவைப்படும் நேரம் 28 நிமிடங்கள். தவறிய அட்டைகளுக்குச் சற்று மிகுதியாகும். பழைய மாமல்லபுரம் சாலையில் பேருந்தில் செல்லும் நேரத்திலேயே இதனை முடிக்க இயலும். மேசையில் அமரக் கிடைக்கும் நேரத்தைக் கலப்பு வினாத்தாள்களுக்கு ஒதுக்கலாம். இறுதி 14 நாட்களில் புதிய அட்டைகளைச் சேர்க்காமல் மீட்டலும் முழுநீளப் பயிற்சித் தேர்வும் மட்டும் செய்வது நல்லது.

உறக்கமும் சுழற்பணியும்

ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகியோர் 1924 இல் வெளியிட்ட ஆய்வில், கற்றபின் உறங்கியவர்கள் அதே நேரம் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறந்தனர். இரவுப் பணி முடித்து வரும் செவிலியர் உறக்கத்தைக் குறைத்துப் படிப்பது ஆகவே பயன் குறைந்தது. சிறிது நேரம் மீட்டல் செய்துவிட்டு உறங்குவது ஏற்றது.

பயன் குறைந்த பழக்கங்கள்

டன்லொஸ்கியும் அவருடைய குழுவினரும் 2013 இல் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு மதிப்பிட்டனர். தன்னைத்தானே சோதித்தலும், இடைவெளி விட்டுப் படித்தலும் உயர்ந்த பயனுடையவை எனக் கண்டனர். மீண்டும் வாசித்தல், வண்ணக் கோடிடுதல், சுருக்கி எழுதுதல் ஆகியவை குறைந்த பயனுடையவற்றுள் வைக்கப்பட்டன. மாணவர்கள் மிகுதியாகக் கையாளும் முறைகளுள் சில இப்பட்டியலில் கீழே உள்ளன.

வரம்புகள்

அட்டைகள் மட்டும் போதுமானவை அல்ல. இன்றைய என்கிளெக்ஸ் தேர்வில் நோயாளி ஒருவரின் நிலையை விவரித்து, அதன் மீது ஆறு வினாக்கள் தொடர்ச்சியாகக் கேட்கப்படும் பகுதிகள் உள்ளன. அறிகுறிகளைக் காணுதல், ஆராய்தல், எது முதன்மை எனத் தீர்மானித்தல், வழிகளைக் காணுதல், செயல்படுதல், விளைவை மதிப்பிடுதல் ஆகிய ஆறு படிகளை அவை சோதிக்கின்றன. வினா வங்கியின் விடைகளை உருப்போட்டவருக்கு இவை கடினமாக இருக்கும். ஆனால் அடிப்படை அளவுகள் உடனே நினைவுக்கு வராதவரும் இப்படிகளில் முன்னேற இயலாது. நினைவு தீர்ப்புக்கு மாற்று அன்று. அதன் மூலப்பொருள் ஆகும்.

உரிமத் தேர்வு ஒரு நாளில் முடிந்துவிடும். டிகாக்சினுக்கு முன் நாடியை எண்ணும் தேவையோ பணிக்காலம் முழுவதும் தொடரும். தேர்வுக்குப் பின்னரும் மிஞ்சும் நினைவைத் தருவதே இம்முறைகளின் தலையாய பயன் எனலாம்.

இவற்றையும் பார்க்க

செவிலியர்
மறதி
நினைவாற்றல்
திண்ணைப் பள்ளி
நன்னூல்