தேதி சரியா இருக்கா, பாஸ்?

சாஃப்ட்வேர்ல ஒரு சின்னக் கட்டம். அதுல எட்டு எண்கள். தப்பா அடிச்சா நாலு நாள் தண்ணி இல்லாம ஒரு குடும்பம் தவிக்கும். நம்ப முடியலையா? எங்க வீட்டுக் கதையைக் கேளுங்க.

புது வீட்டுக்குன்னு ஏப்ரல் 28-ம் தேதி ஒரு வாட்டர் ப்யூரிஃபயர் வாங்கினோம். வீட்டு வேலை முடியாததால பெட்டி அப்படியே மூலையில் கிடந்தது. கிரகப்பிரவேசம் முடிஞ்சு ஜூன் 10-ம் தேதிதான் டெக்னீஷியன் வந்து மாட்டிக் கொடுத்தார். 'மாட்டிய நாளிலிருந்து ஒரு வருடம் இலவச சர்வீஸ்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. கணக்குப்படி அடுத்த வருஷம் ஜூன் 9 வரைக்கும் கவலையில்லை.

அடுத்த வருஷம் மே 25. நல்ல வெயில். மெஷின் ஒழுக ஆரம்பித்தது. அம்மா போன் போட்டார்.

"மேடம், உங்க பிளான் ஏப்ரல் 27-ஓட முடிஞ்சிடுச்சு. இப்ப ஆள் வரணும்னா விசிட் சார்ஜ் தனி, பார்ட்ஸ் தனி."

"அது எப்படிம்மா? ஜூன்லதானே மாட்டினாங்க?"

"நீங்க சொல்றது கரெக்டா இருக்கலாம் மேடம். ஆனா எனக்கு ஸ்க்ரீன்ல ஏப்ரல் 27-னுதான் காட்டுது."

அம்மா விடவில்லை. பீரோவில் பத்திரமாக வைத்திருந்த அட்டையை எடுத்து, டெக்னீஷியன் கையெழுத்தும் தேதியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பினோம். அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய், ஒரு சூப்பர்வைசர் தேதியை மாற்றி, ஆள் வருவதற்கு நாலு நாள் ஆனது. அதுவரைக்கும் கேன் தண்ணிதான்.

அந்த போன் எடுத்த பொண்ணு மேல தப்பே இல்லை. போன வருஷம் காலேஜ் முடித்து வேலைக்கு வந்தவராகக் கூட இருக்கலாம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்க்ரீன்தான். ஸ்க்ரீனில் பில் தேதியை பிளான் தேதியாகப் போட்டு வைத்தது வேறு யாரோ. சரி, எங்க அம்மாகிட்ட அட்டை இருந்தது. அட்டையைத் தொலைத்த வீட்டில் என்ன ஆகியிருக்கும்?

இந்தக் கேள்வி உங்களுக்கு எதுக்குன்னா, நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போறது நீங்களாக இருக்கலாம். போன் எடுக்கிறவராக, டேட்டா ஏற்றுகிறவராக, இல்லேன்னா அந்த சாஃப்ட்வேரையே எழுதுகிறவராக!

சி.ஆர்.எம்.னா என்ன?

கஸ்டமர் ரிலேஷன்ஷிப் மேனேஜ்மென்ட். வாடிக்கையாளர் யார், என்ன வாங்கினார், எப்ப புகார் சொன்னார், அவருக்கு நாம் என்ன தருவதாகச் சொல்லியிருக்கோம்... எல்லாத்தையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் சாஃப்ட்வேர். அமெரிக்காவில் 1993-ல் தொடங்கிய சீபெல், 1999-ல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் எல்லாம் இந்தத் துறையின் பெரிய தலைகள். நம்ம ஊரும் சளைச்சதில்லை. சென்னையில் வளர்ந்த ஜோஹோவின் சி.ஆர்.எம். 2005-ல் வந்தது. அதே சென்னையில் 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் என்று ஆரம்பித்து ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று வளர்ந்த கம்பெனி, 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரைக்கும் போனது. ஆக, இந்த சாஃப்ட்வேரை செய்கிற வேலையும் இங்கே இருக்கு, அதை வைத்து செய்கிற வேலையும் இருக்கு.

எந்தத் தேதி, பாஸ்?

ஒரு ஏ.சி. வாங்குகிறோம். பில் போட்ட தேதி ஒண்ணு. வீட்டுக்கு வந்து இறங்கிய தேதி ஒண்ணு. மாட்டிய தேதி ஒண்ணு. சர்வீஸ் பிளான் ஆரம்பிக்கும் தேதி ஒண்ணு. இதையெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றிய தேதி இன்னொண்ணு. ஆக, அஞ்சு தேதி!

ஸ்க்ரீனில் 'தேதி' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தால் என்ன நடக்கும்? கையில் எது கிடைக்கிறதோ அதைப் போடுவார்கள். பெரும்பாலும் கையில் இருப்பது பில். அதைவிட மோசம், கட்டத்தில் 'இன்றைய தேதி' தானாக வந்து உட்கார்ந்து கொள்வது. அவசரத்தில் இருப்பவர் அதை மாற்றாமல் ஓகே அமுக்கிவிடுவார்.

அதனால முதல் பாடம்: ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனிக் கட்டம். சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு பொருளைப் பதிகிற 'அசெட்' ரெக்கார்டைப் பாருங்க. வாங்கிய தேதி, மாட்டிய தேதி, உபயோகம் முடியும் தேதி என்று தனித்தனியா இருக்கும். சும்மா அழகுக்கு இல்லை. எங்க வீட்டு மாதிரிக் குழப்பம் வரக்கூடாதுன்னா அப்படித்தான் இருந்தாகணும்.

ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ?

03/04/2025. நமக்கு இது ஏப்ரல் 3. அமெரிக்கக்காரருக்கு மார்ச் 4. அமெரிக்க செட்டிங் உள்ள கம்ப்யூட்டரில் நம்ம ஊர் எக்ஸல் ஃபைலை ஏற்றினால், அது சத்தமே இல்லாமல் ஒரு மாசம் பின்னால் போய்விடும். ஆனா 25/04/2025-ஐ ஏற்றினால்? 25-வது மாசம் கிடையாதே! அதனால் மாட்டிக்கொள்ளும். அதாவது, 12-ம் தேதிக்கு மேலே இருக்கிற தப்பு கண்ணில் படும். 12-க்குள்ளே இருக்கிற தப்பு கண்ணில் படாது. 5/5, 6/6 மாதிரி ரெண்டும் ஒண்ணா இருக்கிற 12 நாளைக் கழித்தால், வருஷத்தில் 132 நாட்கள் இப்படி ஆள் மாறாட்டம் செய்யக் கூடியவை. ஃபைலில் பாதி சரி, பாதி தப்பு என்றால் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க.

இதுக்காகத்தான் 1988-லேயே ஐ.எஸ்.ஓ. 8601 என்று ஒரு சர்வதேச விதி வந்தது. முதலில் வருஷம், அப்புறம் மாசம், கடைசியில் நாள். 2025-04-03. குழப்பமே கிடையாது.

எக்ஸல் இந்த விஷயத்தில் பழைய குறும்புக்காரன். மரபணுக்களுக்கு வைத்திருந்த 'மார்ச் 1', 'செப்ட் 1' மாதிரியான சுருக்கப் பெயர்களைத் தேதி என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-ல் விஞ்ஞானிகளே இறங்கி வந்து மரபணுக்களின் பெயரை மாற்றிவிட்டார்கள்!

கடைசி நாள் எது?

ஏப்ரல் 1, 2025-ல் ஆரம்பிக்கும் ஒரு வருட பிளான் எப்ப முடியும்? 'ஏப்ரல் 1, 2026' என்று பாதிப் பேர் சொல்வீங்க. இல்லை. மார்ச் 31, 2026. ஏப்ரல் 1 அடுத்த வருஷக் கணக்கு.

அடுத்த சிக்கல். மார்ச் 31 என்பதை சாஃப்ட்வேர் 'மார்ச் 31, இரவு 12 மணி' என்று எடுத்துக்கொண்டால், அந்த நாள் ஆரம்பிக்கும்போதே பிளான் முடிந்துவிடும். வாடிக்கையாளருக்கு ஒரு நாள் அம்பேல். மதியம் ரெண்டு மணிக்கு ஏ.சி. மக்கர் பண்ணினால் பாவம், அவர் என்ன செய்வார்?

நேர மண்டலம் வேற படுத்தும். தேதியோடு நேரத்தையும் சேர்த்து வைத்தால் பல சாஃப்ட்வேர்கள் அதை உலகப் பொது நேரத்தில் சேமிக்கும். நாம் அதைவிட அஞ்சரை மணி நேரம் முன்னால். இங்கே ஏப்ரல் 1 அதிகாலை 2 மணி என்றால், அங்கே இன்னும் மார்ச் 31 இரவு 8.30. பிளான் தேதிக்கு நேரம் வேண்டாம், வெறும் தேதி போதும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

லீப் வருஷத்தை மறந்துடாதீங்க. மார்ச் 1, 2023-ல் ஆரம்பித்த பிளானை '365 நாள்' என்று எண்ணினால் பிப்ரவரி 28, 2024-ல் முடியும். 'ஒரு வருடம்' என்று எண்ணினால் பிப்ரவரி 29 வரைக்கும் உண்டு. மாதாமாதம் சர்வீஸ் என்றால் இன்னொரு வேடிக்கை. ஜனவரி 31-க்கு ஒரு மாசம் கூட்டினால் பிப்ரவரி 28. அதிலிருந்து இன்னொரு மாசம் கூட்டினால் மார்ச் 28. மூணு நாள் காணாமல் போச்சு! எப்பவும் முதல் தேதியிலிருந்தே எண்ணணும்.

சீக்கிரம் கட்டினா தண்டனையா?

பிளான் ஜூன் 20-ல் முடிகிறது. நல்ல பிள்ளையாக ஒருவர் ஜூன் 2-ம் தேதியே பணம் கட்டிப் புதுப்பிக்கிறார். பணம் கட்டிய தேதியையே புது பிளானின் ஆரம்பமாக சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டால், அவர் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய 19 நாட்கள் வீண். பழைய பிளான் முடிந்த மறுநாள், அதாவது ஜூன் 21-தான் புதுசு ஆரம்பிக்கணும். பணம் வந்த தேதிக்குத் தனிக் கட்டம் போடணும். ஒருத்தருக்கு 19 நாள் சின்ன விஷயம். ஆயிரம் பேருக்கு? 19,000 நாள்!

டார்கெட் தேதி

இதுவரை சொன்னதெல்லாம் தெரியாமல் நடக்கிற தப்பு. தெரிந்தே நடக்கிறதும் உண்டு. மாசக் கடைசி. '30-ம் தேதிக்குள்ள எல்லாப் புகாரையும் முடிக்கணும்' என்று மேலிருந்து பிரஷர். டெக்னீஷியன் 2-ம் தேதிதான் போகப் போகிறார். ஆனால் ஸ்க்ரீனில் 30-ம் தேதியே 'சர்வீஸ் முடிந்தது' என்று விழுந்துவிடும். ரிப்போர்ட் பச்சையா பளபளக்கும். வாடிக்கையாளர் வீட்டில் மெஷின் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே 'தம்பி, அந்தத் தேதியை மட்டும் கொஞ்சம் மாத்திடு' என்று யாராவது கேட்கலாம். அப்ப ஞாபகம் வைச்சுக்கோங்க. பல சி.ஆர்.எம்.களில் எந்தக் கட்டத்தை யார், எப்போது, எதிலிருந்து எதுவாக மாற்றினார் என்று வரலாறு பதிகிற வசதி இருக்கு. கேட்டவர் பேர் அதில் இருக்காது. உங்க பேர்தான் இருக்கும்!

சரி, என்னதான் செய்யணும்?

* சம்பவம் நடக்கும் இடத்திலேயே தேதியைப் பிடிங்க. மாட்டிய தேதியை டெக்னீஷியனே மொபைலில் போடணும். வாடிக்கையாளர் போனுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கேட்டு உறுதி செய்துகொண்டால் இன்னும் நல்லது.

* முடிவுத் தேதியைக் கையால் அடிக்காதீங்க. ஆரம்பத் தேதியையும் கால அளவையும் கொடுத்து சாஃப்ட்வேரையே கணக்குப் போட விடுங்க.

* காவல் போடுங்க. முடிவு, ஆரம்பத்துக்கு முன்னால் வரக்கூடாது. மாட்டிய தேதி, பில் தேதிக்கு முன்னால் போகக்கூடாது. நாளைய தேதியாகவும் இருக்கக்கூடாது.

* தெரியாத தேதியைக் கட்டாயப்படுத்திக் கேட்காதீங்க. கேட்டால் 01-01-1900 என்று எதையாவது அடித்துவிட்டுப் போவார்கள். 'தெரியவில்லை' என்பது பொய்த் தேதியைவிட ஆயிரம் மடங்கு மேல்.

* கடைசியா, சூப்பர் ஐடியா: பதிந்ததும் 'உங்கள் பிளான் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று வாடிக்கையாளருக்கே ஒரு எஸ்.எம்.எஸ். தப்பா இருந்தா அவரே அன்னிக்கே கத்துவார். அவரைவிட நல்ல டெஸ்டர் கிடையாது.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஐடியா தேடுறீங்களா? சேல்ஸ்ஃபோர்ஸின் டெவலப்பர் எடிஷன் இலவசம்தான். உங்க ஹாஸ்டலில் இருக்கிற ஆர்.ஓ. மெஷின், ஃபேன், ஜெனரேட்டர் எல்லாத்தையும் பட்டியல் போட்டு, மேலே சொன்ன விதிகளோடு ஒரு சர்வீஸ் ரெஜிஸ்டர் செய்து பாருங்க. இன்டர்வியூவில் 'பிப்ரவரி 29-ஐ எப்படி ஹேண்டில் பண்ணீங்க?' என்று கேட்டால் கெத்தா பதில் சொல்லலாம்.

வாடிக்கையாளர் பக்கம் நிற்கும்போதும் ஒரு வேலை இருக்கு. பில், மாட்டிய அட்டை ரெண்டையும் அன்னிக்கே போட்டோ எடுத்து வைச்சுக்கோங்க. கம்பெனி மசியலைன்னா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்னை எழுந்த ரெண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

எங்க அம்மா இப்ப புதுசா ஒரு வேலை செய்கிறார். வீட்டுக்கு எந்த மெஷின் வந்தாலும், மாட்டிய அன்னிக்கே போன் போட்டு, "ஏம்மா, உன் கம்ப்யூட்டர்ல என்ன தேதி இருக்கு, படி பார்ப்போம்" என்று கேட்கிறார். போன வாரம் மிக்ஸிக்கும் கேட்டார். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம், "சாரி மேடம், மாசம் மாறியிருக்கு. இப்பவே திருத்திடறேன்!"

நாளைக்கு அந்த நாற்காலியில் நீங்க இருந்தா, அம்மா கேட்கிறதுக்கு முன்னாடியே ஒரு தடவை பார்த்துடுங்க. ப்ளீஸ்!