கண்ணாடித் தொட்டியிற் கொரலிக் குஞ்சுகள்: இனங்காணலும் பேணலும்

இலங்கை நீர்நிலைகளில் இயற்கையாக வாழும் சிக்கிளிட்டுக் குடும்ப மீன்கள் இரண்டேயாம். ஒன்று, உணவுக்கெனப் பிடிக்கப்படும் பெரிய கொரலி. மற்றது, பெரும்பாலும் 8 சதமமீற்றருக்கு மேல் வளராத மஞ்சட் கொரலி. இதனைச் சிங்களத்திற் கஹ கொரலியா என்றும், அழகுமீன் வியாபாரத்தில் ஒரேஞ்ச் குரோமைட் என்றும் வழங்குவர். வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது இதுவேயாகும். இம்மீனை முட்டையிடச் செய்தல் கடினமன்று. பொரித்த குஞ்சுகள் சில நாட்களுள் மடிந்துபோகின்றன என்பதே வளர்ப்போர் கூறும் குறை. பலவேளைகளில் இதற்குக் காரணம் நோயன்று. குஞ்சுகளைப் பெற்றோரிடமிருந்து காலத்துக்கு முன் பிரித்தலேயாம்.

முதலில் வளர்ப்பது கொரலிதானா என்று அறிதல் வேண்டும். களப்பிலோ ஓடையிலோ வலைவீசிக் கொண்டுவரும் குஞ்சுகளிற் பிறவினங்கள் கலந்திருக்கும். சிக்கிளிட்டு மீனுக்கு மூக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துளை மட்டுமே உண்டு. கெண்டையினத்துக்குப் பக்கத்துக்கு இரண்டு. ஆனால் திலாப்பியாவும் சிக்கிளிட்டே ஆதலின் அவ்வடையாளம் அதனைப் பிரித்தறிய உதவாது. 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மீன் இன்று குளங்களெங்கும் பரவியுள்ளது. அதன் குஞ்சில் முதுகுச் செட்டையின் பின்பாகத்தில் ஒரு கரும்பொட்டுக் காணப்படும். மஞ்சட் கொரலி வளர வளர, அதன் உடலின் நடுப்பக்கத்தில் வட்டமான கருந்திட்டுத் தோன்றும். ஐயமிருப்பின் ஒரு குஞ்சை நீருடன் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு, உருப்பெருக்கும் வில்லையால் அதன் குதச் செட்டையை நோக்குக. திலாப்பியாவுக்கு அச்செட்டையில் மூன்று முட்களே உண்டு. கொரலிக்குப் பன்னிரண்டும் அதற்கு மேலும் இருக்கும்.

செந்நிறக் கூட்டமாக நீந்தும் விராற் குஞ்சுகளைக் கண்டு ஏமாறுதலும் உண்டு. அவை சின்னாளில் தொட்டியிலுள்ள பிற குஞ்சுகளை உண்டுவிடும்.

ஒரு சோடி மஞ்சட் கொரலிக்கு 60 சதமமீற்றர் நீளமும், 30 சதமமீற்றர் அகலமும், அதே உயரமுங் கொண்ட தொட்டி போதும். அது விளிம்புவரை 54 இலீற்றர் கொள்ளும். நீரின் வெப்பநிலை 26 முதல் 28 பாகை சதமம் வரை இருத்தல் நன்று. தாழ்நாட்டில் இதற்கு முயற்சி வேண்டியதில்லை. நுவரெலியா போன்ற இடங்களிலே வெப்பமூட்டி இன்றியமையாதது. இம்மீன் சிறிது உவர்ப்புள்ள நீரை விரும்புவதாகலின் 10 இலீற்றருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்புச் சேர்க்கலாம். ஒரு தட்டைக் கல்லோ, சாய்த்து வைத்த பூச்சட்டித் துண்டோ முட்டையிட இடமாகும். பெரிய கொரலியை அத்தொட்டியில் விடலாகாது. மஞ்சட் கொரலி அதன் முட்டைகளை உண்ணும் இயல்புடையது.

ஆணும் பெண்ணும் கல்லைத் துடைத்து, அதில் முட்டைகளை ஒட்டி, செட்டையால் விசிறிக் காக்கும். முட்டைகள் ஐந்தாம் நாளளவிற் பொரிக்கும். பெற்றோர் அவ்விளங்குஞ்சுகளை மணலிற் றோண்டிய குழிகளுக்கு மாற்றும். மேலும் ஏறத்தாழ ஒரு கிழமை சென்றபின்னரே குஞ்சுகள் எழுந்து நீந்தும். இக்காலத்திற் றொட்டியைத் தட்டுதலும், இரவில் திடீரென விளக்கேற்றுதலும் கேடாம். அஞ்சிய பெற்றோர் தம் முட்டைகளையே தின்றுவிடுதலும் உண்டு. தொட்டியின் பக்கங்களைக் கடுதாசியால் மறைத்துவிடுதல் சிறந்தது.

நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோரின் பக்கங்களில் மோதி மோதி மீளும். இதைக் காண்போர், குஞ்சுகள் பெற்றோரைக் கடிக்கின்றன என்றோ, பெற்றோர் குஞ்சுகளை விழுங்கப்போகின்றன என்றோ எண்ணி, அவற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றுகின்றனர். உண்மையில் அவை பெற்றோரின் தோலில் ஊறும் சளியை உண்கின்றன. உவாட், பாலோ என்னும் ஆய்வாளர் இச்செயலை ஆராய்ந்து 1967இல் விரிவாக எழுதியுள்ளனர். கன்றைப் பசுவிடமிருந்து முதல்நாளே பிரிப்பவன் பாலுக்கு வேறு வழி தேடவேண்டியதுபோல, குஞ்சுகளைப் பிரிப்பவன் இவ்வுணவுக்கு ஈடு தேடவேண்டும். அது எளிதன்று. ஆதலின் அவற்றைப் பெற்றோருடனேயே விடுக.

இதனால் வேறு உணவு வேண்டாமென்பதில்லை. புதிதாய்ப் பொரித்த ஆட்டீமியாவை நாளைக்கு மூன்று நான்கு முறை, சில நிமிடங்களில் தீரும் அளவிற் கொடுத்தல் வேண்டும். அது கிடையாதவிடத்து, அவித்த முட்டையின் மஞ்சட் கருவை மெல்லிய துணியிற் பிழிந்து சில துளிகள் இடலாம். ஆயினும் அது நீரை விரைவிற் கெடுக்கும். குஞ்சுகள் வளர்ந்தபின் நீர்த்தெள்ளும் சிறிய நுளம்புப் புழுவும் தக்க உணவாம்.

குஞ்சுகள் மேற்பரப்பில் வாய்திறந்து திணறினால் நீர் கெட்டுவிட்டதென அறிக. அடியிலுள்ள கழிவைச் சிறு குழாயால் உறிஞ்சி, நீரில் நாலிலொரு பங்கை மாற்றுக. குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்தாற் குளோரீன் பெரும்பாலும் நீங்கும். குளோரமீன் இட்ட நீருக்கு இம்முறை போதாது. குளோரீன் நீக்கும் மருந்து இடல் வேண்டும். வலுவான வடிகட்டி குஞ்சுகளை இழுத்துக்கொள்ளுமாகையாற் பஞ்சு வடிகட்டியே பாதுகாப்பானது.

பெற்றோர் மீண்டும் கல்லைத் துடைக்கத் தொடங்கிக் குஞ்சுகளைத் துரத்துமாயின், அதுவே பிரிக்குங் காலமாகும். வலையால் அள்ளாது, கிண்ணத்தால் நீருடன் எடுத்து, அதே தொட்டி நீர் நிரப்பிய வேறு தொட்டியில் விடுக. மிகுந்த குஞ்சுகளை ஓடையிலோ குளத்திலோ கொட்டலாகாது. பிற வளர்ப்போருக்குக் கொடுத்துவிடுக.