கூட்டம் கூடும் இடத்தில் கக்கூஸ்: வாடகைக்கு எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

தோட்டத்தில் திருவிழா என்றால் பந்தலுக்கு ஒரு கணக்கு, மேளத்துக்கு ஒரு கணக்கு, அன்னதானத்துக்கு அரிசி பருப்பு ஒரு கணக்கு என்று கமிட்டி உட்கார்ந்து எழுதுகிறது. வருகிற நானூறு, ஐந்நூறு பேர் ஒதுங்க எங்கே போவார்கள் என்ற கணக்கு மட்டும் எழுதப்படுவதில்லை. கேட்டால், "அதான் லயத்துக் கக்கூஸ் இருக்கே" என்கிறோம். சில குடும்பங்களுக்காகக் கட்டியதை ஊரே ஒரு நாள் பாவித்தால் குழி நிரம்பி வழியும். அதற்குப் பிறகு ஆம்பளைகள் தேயிலைக்குள் போய்விடுவார்கள். பெண்களும், வயசானவர்களும், கைப்பிள்ளைக்காரிகளும்தான் அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அடக்குவதும், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிறுநீர் வழியில் கிருமி தொற்ற வழிவிடும். மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு இது தினசரிக் கஷ்டம்.

இப்போது நடமாடும் மலசலகூடங்களை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பெட்டி. உள்ளே ஓர் இருக்கை, அதற்குக் கீழே 200 முதல் 250 லீட்டர் வரை கொள்ளும் ஒரு தொட்டி. குழி வெட்ட வேண்டாம், குழாய் இணைக்க வேண்டாம். லொறியில் வந்து இறங்கும், வேலை முடிந்ததும் ஏறிப் போகும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தத் தொட்டிக்குள் விழுந்தது எங்கே போகிறது என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளத் தெமட்டகொடையைப் பாருங்கள். பதுளை, ஹட்டன் பக்கமிருந்து ரயிலில் கொழும்புக்குப் போகிறவர்கள் களனி கழிந்து, மருதானை வருவதற்கு முன் இந்த ஊரைத் தாண்டுகிறார்கள். பேஸ்லைன் வீதிப் பக்கம் அடுக்குமாடிகள் எழும்பிய இடம். கொழும்பில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் கட்டட வேலை செய்கிறார்கள். கொழும்பு நகரத்துக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1900களின் தொடக்கத்தில், மலக்கழிவுக் குழாய் போடப்பட்டது. அந்தக் குழாயில் போவது முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் தூரமாக விடப்படுகிறது. ஆனால் புதிதாகக் கட்டுகிற இடத்தில் அந்தக் குழாய் இணைப்பு கடைசியில்தான் வரும். அதுவரை வேலையாட்களுக்குப் பெட்டிக் கக்கூஸ்தான். அதைக் கலி பவுசர் வந்து இழுத்தால்தான் காலியாகும். பவுசர் வராவிட்டால் தொட்டி வழிந்து, மழைத்தண்ணீர்க் கானில் இறங்கி, தெமட்டகொடைக் கால்வாய்க்குப் போய்ச் சேரும். பள்ளமான இடமாகையால் பெருமழை பெய்தால் அந்தத் தண்ணீரே வீட்டு வாசலுக்குத் திரும்பி வரும்.

நகரத்தில் கால்வாய் என்றால் நமக்கு ஓடையும் பீலியும். மேல் லயத்தில் கொட்டியதைக் கீழ் லயத்தில் குடிக்க நேரும். ஆகவே பேசி முடிக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. எத்தனை வேண்டும்? அனர்த்த நிவாரண நிறுவனங்கள் பாவிக்கும் ஸ்பியர் கைநூலில், முகாம்களுக்கு முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று என்று இருக்கிறது. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்பதும் அதே நூலின் அளவு. திருவிழாவுக்கு 50க்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் 400 பேருக்கு எட்டு. ஆறு பெண்களுக்கு, இரண்டு ஆண்களுக்கு. ஆண்கள் சிறுநீர் கழிக்க மறைப்போடு தனி இடம் செய்துவிட்டால் தொட்டியும் சீக்கிரம் நிரம்பாது.

2. பவுசர் கிட்டே வருமா? பெட்டியை இறக்கும் லொறியும், கழிவை இழுக்கும் பவுசரும் வருகிற பாதை வேண்டும். கோயில் மேட்டில் இருக்கிறதென்றால் ரோட்டோரமாக வைத்து, நடக்க வழி வெட்டிக் கொடுங்கள். தரை சமமாக இருக்கட்டும். சரிவில் வைத்த பெட்டி காற்றுக்குச் சாயும்.

3. எத்தனை தடவை இழுப்பார்கள், எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? இதை எழுத்தில் வாங்குங்கள். "நாங்க பாத்துக்கிறோம்" என்ற பேச்சு போதாது. இடத்தைப் பிரதேச சபையிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டு உறுதி செய்யலாம். நாற்றம் வராமலிருக்கத் தொட்டியில் நீல மருந்து ஊற்றுவார்கள். அந்த மருந்துத் தண்ணீரைத் தோட்டத்துக் குழியில் கொட்ட விடாதீர்கள். குழியில் கழிவை மக்கவைக்கிற கிருமிகளை அது கொன்றுவிடும்.

4. உள்ளே என்ன இருக்கிறது? கதவுக்குக் கொண்டி, இரவுக்கு வெளிச்சம், கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும், மாதவிடாய்த் துணி போட மூடியுள்ள வாளி. நாலும் இல்லாத பெட்டிக்குள் பொம்பளைப் பிள்ளைகள் போகமாட்டார்கள்.

5. யார் கழுவுவது? பணம் கொடுத்து ஆள் வையுங்கள். கையுறை, பூட்ஸ் கொடுங்கள். "அவங்கதானே செய்யணும்" என்று ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவது பழைய பாவம். அதை இனியும் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

பவுசர் ஏற முடியாத மலைத் தோட்டமென்றால் பெட்டியை விட்டுவிடுங்கள். அங்கே தற்காலிகக் குழிதான் நல்லது. பீலி, கிணறு, ஓடையிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி வெட்ட வேண்டும். அவற்றுக்கு மேட்டில் வெட்டவே கூடாது. குழியின் அடி, நிலத்தடித் தண்ணீர் மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே நிற்க வேண்டும். சுற்றிவரத் தகரமோ தறப்பாளோ கட்டி, ஒவ்வொரு தடவையும் சாம்பலோ மண்ணோ தூவி, விழா முடிந்ததும் மண்ணால் மூடி இறுக்கிவிடுங்கள். குழி வெட்டுமுன் தோட்ட நிர்வாகத்திடம் இடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழும்புக்கு வேலைக்குப் போகும் தம்பி, தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. கட்டட வேலைத்தலத்தில் மலசலகூடமும் கழுவுமிடமும் ஆணுக்கு வேறாகவும் பெண்ணுக்கு வேறாகவும் இருக்க வேண்டும் என்று சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 1988ஆம் ஆண்டு 167ஆம் இலக்கச் சமவாயம் சொல்கிறது. அமெரிக்கச் சட்டம் கட்டட வேலையில் 20 பேர் வரை ஒன்றும், அதற்கு மேல் போனால் 40 பேருக்கு ஓர் இருக்கையும் ஒரு சிறுநீர் கழிப்பிடமும் கேட்கிறது. கொந்தராத்துக்காரரிடம் சம்பளம் பேசுகிற அன்றே, "கக்கூஸ் எத்தனை? கிழமைக்கு எத்தனை தரம் பவுசர் வரும்?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார். பத்துப்பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்வார்.

அடுத்த திருவிழாக் கமிட்டிக் கூட்டத்தில் மேளக் கணக்குக்கு முன்னால் இந்தக் கணக்கை எழுதுங்கள். அந்தக் கூட்டத்துக்கு இரண்டு பெண்களையாவது கூப்பிடுங்கள். எங்கே வைக்க வேண்டும், எத்தனை வேண்டும் என்று அவர்கள் சொன்ன இடத்தில் வைத்தால் அது பாவனைக்கு வரும்.