திருநர் பெற்றோரை எப்படி அழைப்பது? குடும்பங்கள் சந்திக்கும் மொழி, ஆவணச் சிக்கல்கள்

தந்தையாகவோ தாயாகவோ அறியப்பட்ட ஒருவர் தம்மைத் திருநர் என அறிவித்துப் புதிய பெயரை ஏற்கும்போது, குடும்பத்தினர் உடனடியாக எதிர்கொள்வது மொழி சார்ந்த கேள்வியாகும். அதற்கான விடை மொழிக்கு மொழி வேறுபடுகிறது.

வங்க மொழியில் படர்க்கைப் பெயரோ வினையோ பால் காட்டுவதில்லை. மலையாளத்தில் வினைமுற்று பால் காட்டாது. 'அவன்', 'அவள்' என்னும் சொற்களே காட்டும். இந்தியில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல் இருப்பினும், வினைமுற்று பாலை வெளிப்படுத்திவிடுகிறது. மரியாதைப் பன்மையிலும் இதே நிலைதான். எனவே, இந்தி பேசும் வீட்டில் 'வந்தார்', 'போனார்' போன்ற அன்றாடச் சொற்களையும் மாற்றிப் பழக வேண்டியுள்ளது.

எனினும், எல்லா மொழிகளிலும் கடினமாக இருப்பது உறவுமுறைச் சொல்லே. பல ஆண்டுகள் 'அப்பா' என்று அழைத்த பிள்ளைக்கு அச்சொல் பாலினத்தை மட்டும் குறிப்பதன்று; அந்த உறவையே குறிப்பது. இதனால் சில குடும்பங்கள் புதிய பெயரை ஏற்றாலும் பழைய உறவுச் சொல்லைத் தொடர்கின்றன. சில, இருவருக்கும் பொருந்தும் புதிய சொல்லைத் தேர்கின்றன. பெற்றோரின் விருப்பத்தை மதிப்பதுடன், பிள்ளைக்குப் பழகுவதற்கான அவகாசமும் தேவை. தவறி அழைத்தால் உடனே திருத்திக்கொண்டு பேச்சைத் தொடர்வதே இரு தரப்புக்கும் எளிது.

வீட்டில் தீர்வு கண்டாலும் ஆவணங்களில் சிக்கல் நீடிக்கக்கூடும். பாலின அடையாளத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-இல் அங்கீகரித்தது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019, மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் பெற்றவர் தமது பிறப்புச் சான்றிதழிலும் பிற அலுவல் ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ள வழிவகுத்தது. ஆனால், இது அவரது சொந்த அடையாள ஆவணங்களைப் பற்றியது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பழைய பெயரே இருந்தால், தம் பிள்ளைக்குத் தாமே பெற்றோர் என அவர் நிறுவ வேண்டிய நிலை உருவாகிறது.

இத்தகைய முரண்பாடு கேரளத்தில் நீதிமன்றம் வரை சென்றது. கோழிக்கோட்டில் 2023 பிப்ரவரியில் திருநர் இணையருக்குக் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பெற்றெடுத்தவர் ஆணாக வாழும் திருநம்பி. தந்தை, தாய் எனப் பிரித்துக் குறிப்பிடாமல் 'பெற்றோர்' என்று மட்டும் பதிவு செய்யுமாறு அவர்கள் கோரினர். அதை ஏற்று, சான்றிதழைத் திருத்தி வழங்குமாறு கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் கோழிக்கோடு மாநகராட்சிக்கு உத்தரவிட்டது.

பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை அக்குழந்தை காட்ட வேண்டிய ஆவணம் இது. வீட்டில் வழங்கும் உறவும் சான்றிதழில் உள்ள உறவும் ஒன்றாக இருப்பதன் தேவை அங்குதான் தெரிகிறது.