அந்த ஒரு மணி நேரம் யாருடையது?

2018 மார்ச் 14, நண்பகல். மக்களவையின் மையப் பகுதியில் பதாகைகளுடன் உறுப்பினர்கள் நிற்கிறார்கள். காவிரி மேலாண்மை வாரியத்தை அமைக்கச் சொல்லி அ.தி.மு.க.வினர் முழங்குகிறார்கள். ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்து, வங்கி மோசடி என்று மற்றக் கட்சிகளுக்கு அவரவர் கோரிக்கை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் நிதி மசோதாவும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய அரை மணி. அந்த ஆண்டு அரசு திட்டமிட்ட செலவு 24.42 லட்சம் கோடி ரூபாய். கூட்டத்தொடர் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தும், ஒரு துறையின் மானியக் கோரிக்கைகூட விவாதத்துக்கு வரவில்லை.

அந்த நிதி மசோதாவுக்குள் ஒரு திருத்தமும் இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்களிடம் கட்சிகள் நன்கொடை வாங்குவது தொடர்பான சட்டத்தை, 1976 முதல் முன்தேதியிட்டுத் தளர்த்தியது அது. பா.ஜ.க., காங்கிரஸ் இரண்டுமே அந்தச் சட்டத்தை மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் 2014இல் சொல்லியிருந்தது. அதைப் பற்றியும் சபையில் யாரும் பேசவில்லை.

அமளியால் அரசின் வேலை நிற்கவில்லை என்பதுதான் அன்றைய பாடம். நின்றுபோனது வேறொரு வேலை. அது என்ன என்று புரிய, மக்களவையின் ஒரு நாளைக் காலையிலிருந்து பார்க்க வேண்டும்.

காலை 11: கேட்பவரின் நேரம்

சரியாக 11 மணிக்கு மக்களவைத் தலைவரின் வருகையைச் சபைக் காவலர் உரக்க அறிவிப்பார். உறுப்பினர்கள் எழுந்து நிற்பார்கள். 2023 செப்டம்பரிலிருந்து சபை கூடுவது புதிய கட்டடத்தில். 543 உறுப்பினர்களைக் கொண்ட சபைக்கு 888 இருக்கைகள். தலைவரின் இருக்கைக்கு அருகே, 1947இல் திருவாவடுதுறை ஆதீனம் நேருவிடம் வழங்கிய செங்கோல்.

முதல் அலுவல் கேள்வி நேரம். ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமிடாத கேள்விகள். முதல் வகைக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு எழுத்தில் கொடுத்தால் போதும். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கேள்வி கொடுக்க வேண்டும். எது முந்துவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்திருப்பதால், ஒவ்வோர் அமைச்சருக்கும் வாரத்தில் ஒரு நாள் பதில் சொல்லும் முறை வருகிறது.

நட்சத்திரக் கேள்வியின் பலம் அச்சடித்த பதிலில் இல்லை. அந்தப் பதிலை அதிகாரிகள் பல நாள் உட்கார்ந்து, ஒரு சொல்லும் நழுவாதபடி எழுதியிருப்பார்கள். பலம் துணைக்கேள்வியில் இருக்கிறது. கேட்டவருக்கு இரண்டு துணைக்கேள்விகள் உண்டு. தலைவர் அனுமதித்தால் மற்றவர்களும் எழலாம். எந்தப் பக்கமிருந்து என்ன வரும் என்று அமைச்சருக்கு முன்கூட்டித் தெரியாது. அதிகாரிகளுக்கான மாடத்திலிருந்து துண்டுச்சீட்டு வந்து சேர்வதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும். துறையைக் கரைத்துக் குடித்த அமைச்சர் யார், கோப்பைப் படித்து ஒப்பிக்கிற அமைச்சர் யார் என்பது அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிடும்.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1957 சாட்சி. ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் சுமார் 1.24 கோடி ரூபாயை முதலீடு செய்த விவகாரம், சபையில் எழுந்த கேள்விகளால்தான் வெளியே வந்தது. டிசம்பர் 16 அன்று அதைப் பிரித்து மேய்ந்தவர் பெரோஸ் காந்தி. ஆளும் காங்கிரஸ் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா விசாரணைக்குப் பிறகு, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின், கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். ஆனால் கேள்வி நேரத்தில் வாக்கெடுப்பு கிடையாது. அங்கே கொறடாவுக்கு வேலையும் இல்லை. ஆளுங்கட்சியின் பின்வரிசைக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் அந்த ஒரு மணி நேரம் சமம்.

எழுத்துப் பதில்களையும் லேசாக எண்ணிவிட முடியாது. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில், கேள்வி நேரமே ரத்தாகி எழுத்துப் பதில்கள் மட்டும் எஞ்சின. ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படியொரு தரவு இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் செப்டம்பர் 14 அன்று எழுத்தில் சொன்னது. நாடு முழுக்க அது தலைப்புச் செய்தியானது. எதிரே நின்று ‘ஏன் திரட்டவில்லை?’ என்று கேட்கத்தான் துணைக்கேள்வி இல்லாமல் போயிற்று.

‘தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று அமைச்சர் நழுவினால் அதோடு கதை முடிந்துவிடாது. அந்த வாசகம் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். பின்தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று 1953 முதல் இருக்கிறது.

பெரும்பாலான நாட்களில் 20 நட்சத்திரக் கேள்விகளில் ஐந்தாறைத் தொடுவதற்குள் மணி 12 ஆகிவிடும். 2019 நவம்பர் 27 அன்று இருபதும் எடுத்துக்கொள்ளப்பட்டன. 1972க்குப் பிறகு அதுவே முதல் முறை.

பகல் 12: நேரமில்லா நேரம்

அறிக்கைகளையும் தணிக்கை ஆவணங்களையும் மேசையில் வைத்தபின் தொடங்குகிறது நேரமில்லா நேரம். விதிப் புத்தகத்தில் இப்படியொரு நேரமே கிடையாது. 1960களில் வழக்கத்தில் வந்து நிலைத்துவிட்டது. தொகுதியில் நேற்று நடந்ததை இன்று எழுப்ப இதுதான் வாசல். இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற மீனவர்கள், ரயில் நிற்காமல் போகும் நிலையம், கொள்முதலாகாத நெல் எல்லாம் இங்கேதான் ஒலிக்கின்றன. தமிழில் பேசலாம், மற்றவர்கள் ஹெட்போனில் மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொள்வார்கள். 2019 ஜூலை 18 அன்று இந்த நேரத்தை இரவுவரை நீட்டித்து 160க்கும் மேற்பட்டவர்களுக்கு வாய்ப்புத் தந்தார் மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா.

ஒரே குறை, அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச்சு பதிவாகும், தொகுதிக்குக் காணொளி போய்ச் சேரும். எழுத்தில் பதில் வேண்டுமென்பவர்கள் 377ஆம் விதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு 250 சொல்தான் வரம்பு.

பிற்பகல் 2: அரசின் நேரம்

மதிய உணவுக்குப் பிறகு வருபவை பெரும்பாலும் மசோதாக்கள். எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை, தலைவரே தலைமை வகிக்கும் அலுவல் ஆலோசனைக் குழு ஒதுக்கும். அதைக் கட்சிகள் பலத்துக்கேற்பப் பங்கு போட்டுக்கொள்ளும். ஓரிரு உறுப்பினர் கொண்ட கட்சிக்குச் சில நிமிடங்கள்தான். தொடக்க வணக்கம் முடிந்து விஷயத்துக்கு வருவதற்குள் மணியடித்துவிடுவார்கள்.

மசோதாவை வரிவரியாக அலசும் இடம் நிலைக்குழு. 21 மக்களவை உறுப்பினர், 10 மாநிலங்களவை உறுப்பினர் கொண்ட துறைசார் நிலைக்குழுக்கள் 24 உண்டு. கேமரா இல்லாத அறை என்பதால் கட்சி பார்க்காமல் பேச முடிகிறது. 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் அது 16 சதவீதமாகச் சுருங்கியது. குழுவில் செய்யாத வேலை முழுவதும் பிற்பகல் விவாதத்தின் தலையில் விழுகிறது. விவாதமும் இல்லாவிட்டால் வேலையே நடக்காமல் சட்டம் வந்துவிடுகிறது. மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெற்ற மசோதா, 2021 நவம்பர் 29 அன்று விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேறியது. நாட்டையே ஓராண்டு உலுக்கிய விஷயம் அது.

விவாதம் உண்மையாகவே நடக்கும் நாட்களும் உண்டு. 2025 ஏப்ரல் 2 அன்று எடுத்துக்கொண்ட வக்பு திருத்த மசோதா, 12 மணி நேரத்துக்கும் மேலான விவாதத்துக்குப் பின் நள்ளிரவைத் தாண்டி 288-232 என்ற வாக்குகளில் நிறைவேறியது. முடிவு முன்பே தெரிந்ததுதான். ஆனாலும் யார் என்ன காரணம் சொல்லி ஆதரித்தார்கள், எதிர்த்தார்கள் என்பது பெயரோடு பதிவாகியிருக்கிறது.

மணி ஒலித்த பிறகு

பெரும்பாலான முடிவுகள் குரல் வாக்கெடுப்பில்தான். எந்தப் பக்கம் சத்தம் ஓங்கியது என்று தலைவர் சொல்வார். ஏற்காதவர்கள் வாக்குப் பிரிப்பு கேட்கலாம். அப்போது மூன்றரை நிமிடம் மணி ஒலிக்கும். உணவகம், நூலகம் எங்கிருந்தாலும் ஓடிவர வேண்டும். பிறகு கதவுகள் அடைபடும். பச்சைப் பொத்தான் ஆம், சிவப்பு இல்லை, மஞ்சள் நடுநிலை.

புதிய கட்டடத்தில் மின்னணு வாக்கெடுப்பு முதன்முதலாக நடந்தது 2024 டிசம்பர் 17 அன்று. ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை அறிமுகம் செய்வதற்கே எதிர்க்கட்சிகள் வாக்கெடுப்பு கேட்டன. பொத்தானில் பதிவாகாதவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஆதரவு 269, எதிர்ப்பு 198. அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அரசியல் சாசனத் திருத்தமாக நிறைவேற, வாக்களித்த 467 பேரில் 312 பேரின் ஆதரவு வேண்டும். மசோதா கூட்டுக்குழுவுக்குப் போனது. எண்ணிப் பார்க்கச் சொன்னதால்தான் அந்த இடைவெளி நாட்டுக்குத் தெரிந்தது.

ஒற்றை வாக்கின் எடையை 1999 ஏப்ரல் 17 காட்டியது. அ.தி.மு.க. ஆதரவை விலக்கியதும் வாஜ்பாய் அரசு நம்பிக்கை கோரியது. கிடைத்தது 269, எதிராக 270.

வெள்ளிக்கிழமை மூன்றரை

வெள்ளிக்கிழமை பிற்பகலின் கடைசி இரண்டரை மணி நேரம் அமைச்சரல்லாத உறுப்பினர்களின் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரியது. ஊருக்கு விமானம் பிடிக்கும் நேரமும் அதுதான். சுதந்திரத்துக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே, கடைசி 1970இல். திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையைத் தாண்டாமல் நின்றது. ஆனாலும் அதன்பின் அந்தப் பொருளில் அரசே மசோதா கொண்டுவர நேர்ந்தது.

அமளியில் யாருக்கு நஷ்டம்?

இப்போது கணக்கைப் பார்க்கலாம். 11 மணிக்கு அமளி, 12 வரை ஒத்திவைப்பு, மீண்டும் அமளி, 2 மணி வரை ஒத்திவைப்பு. அமைச்சர் தப்பித்தார். அன்றைய 20 நட்சத்திரக் கேள்விகளுக்கும் எழுத்துப் பதிலே மிஞ்சும். துணைக்கேள்வி ஒன்றுகூட வராது. 2 மணிக்கு மேல் சத்தத்தின் நடுவே மசோதா குரல் வாக்கெடுப்பில் ஓடிவிடும். பெரும்பான்மை இருப்பவருக்கு ஐந்து நிமிடம் போதும். கேட்பவருக்குத்தான் அமைதியான ஒரு மணி நேரம் வேண்டும்.

எதிர்க்கட்சிகளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒத்திவைப்புத் தீர்மானம் கொடுத்தால் அநேகமாக நிராகரிப்பு. விவாதத்துக்கு வழி கேட்டால் தேதி கிடைப்பதில்லை. 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் ஏறக்குறைய முழுவதும் 2ஜி விவகாரத்தில் முடங்கியது. அடுத்த ஆண்டு கூட்டுக்குழு அமைந்தது. அன்று முடக்கியவர்கள் பின்னர் ஆளுங்கட்சியாகி, முடக்கக் கூடாது என்கிறார்கள். அன்று கண்டித்தவர்கள் இன்று மையப் பகுதியில் நிற்கிறார்கள். 2023 டிசம்பரில் மக்களவையில் மட்டும் 100 பேர் இடைநீக்கமானார்கள். அவர்கள் பெயரிலிருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து நீங்கின. மூன்று குற்றவியல் மசோதாக்கள் அந்தக் காலி இருக்கைகளுக்கு முன் நிறைவேறின.

வழி இல்லாமல் இல்லை. பிரிட்டன் மக்களவையில் ஒரு கூட்டத்தொடருக்கு 20 நாட்கள் எதிர்க்கட்சிகள் பொருளைத் தேர்ந்தெடுக்கும் நாட்கள். நம் சபையில் அப்படி ஒரு நாளும் கிடையாது. நாட்களே குறைந்து வருவது வேறு: முதல் மக்களவை 677 நாட்கள் கூடியது, 17ஆவது 274 நாட்கள். ஆண்டுக்கு 120 நாளாவது கூட வேண்டும் என்று அரசியல் சாசனச் செயல்பாட்டு ஆய்வு ஆணையம் 2002இலேயே பரிந்துரைத்தது. நேரம் தாராளமாகக் கிடைத்தால் அதைப் பாழாக்கும் தூண்டுதலும் குறையும்.

அதுவரை நமக்கும் ஒரு வேலை உண்டு. உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் பெயர்வாரியாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டின் 39 பேர் என்ன கேட்டார்கள் என்று யாரும் பார்க்கலாம். தேர்தலுக்குத் தேர்தல் கும்பிட வரும் உறுப்பினரிடம், எத்தனை முறை வெளிநடப்பு செய்தீர்கள் என்று கேட்பதைவிட, உங்கள் கடைசித் துணைக்கேள்வி என்ன, அதற்கு அமைச்சர் சொன்ன பதிலை வைத்து என்ன செய்தீர்கள் என்று கேட்பது அவரைக் கூடுதலாகத் திணற வைக்கும்.