மெய்யியல் மேற்பட்ட ஆய்வும் பரபக்க மரபும்

தமிழ் இலக்கியத்தில் இளங்கலைப் பட்டம் பெற்று, மெய்யியலில் முதுகலை அல்லது முனைவர் பட்ட ஆய்வை நாடும் மாணவர் பலர் ஒரு நூலையே ஆய்வுத் தலைப்பாகத் தெரிவு செய்வதைக் காண்கிறோம். 'சிவஞான சித்தியாரின் மெய்யியல்' என்பது போன்று தலைப்பு அமையுமாயின், ஆய்வேடு நூற்கருத்தைத் தொகுத்துரைப்பதோடு நின்றுவிடக்கூடும். மெய்யியல் வேண்டுவது தொகுப்புரை அன்று. ஒரு கொள்கை எக்காரணம் பற்றி உண்மையெனக் கொள்ளப்படுகிறது, மறுப்பவர் எதனால் மறுக்கின்றனர், அம்மறுப்பிற்கு விடை உண்டா என்பனவே அத்துறையின் வினாக்களாகும்.

இராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று 1908ஆம் ஆண்டு அளித்த முதுகலை ஆய்வேடு இதற்குத் தக்க சான்றாகும். வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்னும் குற்றச்சாட்டுக்கு விடையிறுக்கவே அவர் அதனை எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபது. நூற்பற்று மட்டுமன்றி, எதிர்த்தரப்பின் மறுப்பும் அவரது ஆய்வைத் தோற்றுவித்தது.

இம்முறை நமக்குப் புதியதன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரும் தத்தம் கோட்பாட்டைத் தாமே எடுத்துரைக்கின்றனர். அருணந்தி சிவாசாரியார், தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்திற்கு முன்னர்ப் பரபக்கத்தை அமைத்து, உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் வரை பதினான்கு தரப்புகளைக் கூறி மறுக்கிறார். காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளையும் அவர் ஆராய்கிறார். எதனைக் கொண்டு அறிகிறோம் என்பது தெளிவுற்ற பின்னரே எது உண்மை என்னும் வினா எழ முடியும் என்பதே இவ்வைப்பு முறையால் நாம் பெறும் பாடம்.

சித்தியாருக்கு உரை கண்டோரும் ஒருமித்த கருத்தினர் அல்லர். ஞானப்பிரகாசர் தம் உரையில் வீடுபெற்ற உயிர் சிவனுக்கு நிகராகும் என்னும் சிவசமவாதத்தைக் கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அதனை மறுத்துத் தனி நூலே இயற்றினார். 'வீடுபேற்றில் உயிர் சிவனுக்குச் சமமாகுமா?' என்பது இவ்வேறுபாட்டிலிருந்து எழும் ஆய்வு வினா. ஆறு உரைகளையும் ஒப்புநோக்கிய தேவசேனாபதியின் ஆங்கில நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1960இல் வெளியிட்டுள்ளமையால், மாணவர் வெறுநிலத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஆகவே, மாணவரை நெறிப்படுத்தும் ஆசிரியர்கள் மூன்றினை வலியுறுத்துதல் நலம். முதலாவது, தலைப்பை வினாவாக வரையறுத்தல். இரண்டாவது, அளவையியலையும், மூலக் கலைச்சொற்களை அறியும் அளவிற்கேனும் வடமொழியையும் முன்னரே பயிலுதல். மூன்றாவது, மறுதரப்பினர் 'எம் கருத்து இதுவே' என ஒப்பும் வண்ணம் அவர்தம் வாதத்தை எழுதுதல். இம்மூன்றும் இன்றேல், நம் சித்தாந்தம் போற்றியுரைக்கப்படும் பொருளாக மட்டுமே எஞ்சும். உலக மெய்யியல் அரங்கில் வாதிட வல்ல தரப்பாக அது நிற்றல் அரிது.