தொட்டிக்குக் கீழே இருக்கிற கதவைத் திறங்கள்!

மீனை அப்புறம் பார்க்கலாம். குனிந்து அந்தப் பலகைக் கதவைத் திறங்கள்! இதுதான் சம்ப், தண்ணீரைச் சுத்தம் செய்யும் கீழ்த்தொட்டி. மேலே கோமாளி மீன் சாவகாசமாக நீந்துவது இந்த இருட்டறையில் ராப்பகலாக நடக்கும் வேலையால்தான்.

கோமாளி மீனுக்கு உப்புநீர் வேண்டும். ஆனால் அரியூரையே எடுத்துக்கொள்ளுங்கள்: அது கடலோர ஊரல்ல, வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் இருக்கிறது. அங்கே உப்புநீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டால் ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்பு கரைத்து, கடலை வீட்டிலேயே கலக்கிக்கொள்ள வேண்டியதுதான். மீனைக்கூடக் கடலில் பிடிக்க வேண்டாம். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சியாளர்கள் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார்கள்!

சரி, உள்ளே பாருங்கள். மேல்தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் முதலில் ஒரு துணிப்பைக்குள் விழுகிறது. தீனித் துணுக்கும் கழிவும் அதிலேயே தங்கிவிடும். சில நாளுக்கு ஒருமுறை அலசாவிட்டால் சிக்கிய அழுக்கு அங்கேயே அழுகத் தொடங்கும்.

அடுத்த அறையில்தான் என் செல்லம், ஸ்கிம்மர்! பொடிப்பொடிக் காற்றுக் குமிழ்கள் மேலேறும்போது கரைந்த புரதக் கழிவு அவற்றில் ஒட்டிக்கொள்கிறது; வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் அழுக்கு நுரை திரள்வதுபோல் மேலே திரண்டு கிண்ணத்தில் வழிகிறது. தேநீர் நிறம், சகிக்க முடியாத நாற்றம், எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்! அத்தனையும் தண்ணீரில் கிடந்து அம்மோனியாவாக மாறியிருக்க வேண்டியது அல்லவா? இந்த அறையின் நீர்மட்டம் மட்டும் ஏறி இறங்கவே கூடாது. ஒரு விரற்கடை மாறினாலும் நுரை பொங்கும், இல்லையேல் வற்றும். தடுப்புக் கண்ணாடியின் உயரம்தான் மட்டத்தைக் காக்கிறது.

தப்பிவரும் அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை குடியிருக்க வெளிநாடுகளில் பவளப் பாறைத் துண்டு வைப்பார்கள். இங்கே 2001 முதல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதைத் தொடவே கூடாது. நுண்துளை நிறைந்த பீங்கான் கட்டிகள் போதும், பாக்டீரியாவுக்குப் பாறையும் பீங்கானும் ஒன்றே.

கடைசி அறையில் தண்ணீரை மேல்தொட்டிக்குத் திருப்பியனுப்பும் ரிட்டர்ன் பம்ப். ஆவியாகும் நீரின் குறைவு இங்கேதான் தெரியும். உப்பு ஆவியாகாது, ஆகவே நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு? சம்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் தண்ணீர் குளிரும். ஊற்றும் தண்ணீர் மட்டும் கூடும்.

இப்போது கரண்ட் போகிறது! பம்ப் நிற்கிறது, மேலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலமுள்ள தொட்டியில் மட்டம் 3 சென்டிமீட்டர் தாழ்ந்தாலே 16 லிட்டர் கீழே வந்துவிடும். அதற்கான காலி இடத்தைச் சம்பில் முன்கூட்டியே விட்டிருக்க வேண்டும். ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சின்னத் துளையும் போட வேண்டும். மட்டம் இறங்கியதும் அது காற்றை உறிஞ்சி, தண்ணீர் பின்னோக்கி வடிவதை நிறுத்திவிடும். மீன் விடுவதற்கு முன்பே ஸ்விட்சை அணைத்துத் தரை நனைகிறதா என்று பாருங்கள். துளையை உப்போ பாசியோ அடைத்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை குச்சியால் குத்திப் பாருங்கள்.